ஆலம்பள்ளம் ஓடிய ஆண்டு

செங்காட்டுப்புதூர்,
பெரியநாயக்கன்பாளையம் வழி.
16.2.1997

அன்புள்ள மாமாவுக்கு,

சென்னியம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. நானும் பிள்ளை கீதாவும் சுகமாக இருக்கிறோம். மாடு இரண்டும் சுகம். செவலைக்கு இது எட்டாம் மாதம். நாக்பூரில் நீங்கள் போட்ட கடிதம் பன்னிரண்டாம் நாள் கைக்கு வந்தது. அங்கே இப்போதே வெயில் ஏறிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். போர் வண்டி பாறையைத் துளைக்கிற இடத்தில் நிற்கும்போது மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தேன், அதற்குப் பதிலே இல்லை. பதில் இல்லாததை வைத்து நானாக ஒன்று நினைத்துக்கொண்டேன்.

உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நேராகச் சொல்லத் தைரியம் இல்லாமல்தான் மாட்டிலிருந்து ஆரம்பித்தேன்.

நம் ஊராட்சி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டதால் போன வருஷம் என்னை நிறுத்தி ஜெயிக்க வைத்தீர்கள். அதற்குப் பிறகு நான் எப்படித் தலைவராக இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் தம்பி நாச்சிமுத்துதான் ஆபீஸ் நாற்காலியில் உட்காருவார். பொழுதோடு நோட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். நான் மாவுக் கையைத் துடைத்துவிட்டு, அவர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவேன். பொய் சொல்லக் கூடாது, எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

தை மாதம் ஒரு ஃபைல் வந்தது. ஆலம்பள்ளம் நீர்வடிப்பகுதி பாதுகாப்பு மற்றும் நிலைத்த மேம்பாட்டுத் திட்டம் என்று பெயர். பெயரைப் படித்து முடிக்கவே ஒரு மூச்சு வேண்டும். மலையடிவாரத்தில் தொடங்கி மேட்டுப்பாளையம் ரோடு வரை, நம் ஓடைப் பள்ளத்தின் இரண்டு கரையிலும் இருக்கிற ஐந்து ஊராட்சிகளுக்கும் சேர்த்து ஒரே திட்டம். மழைத் தண்ணீரை மேலேயே தடுத்து நிறுத்த வேண்டும். மலைச்சரிவில் புல்லும் மரமும் வளர்க்க வேண்டும். அப்படிச் செய்தால் கிணறுகளுக்கு ஊற்று திரும்பும் என்கிறார்கள். மூன்று வருஷ வேலை. ஐந்து ஊரும் சேர்ந்து தீர்மானம் போட்டால்தான் நடக்கும். ஒரு ஊர் மாட்டேன் என்றாலும் ஃபைல் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

நாச்சிமுத்து வழக்கம்போல விரலை வைத்தார். அன்றைக்கு என்னவோ, படித்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. “எம்பத்திரண்டு பக்கமுங்க அண்ணி, எதுக்குங்க கண்ணக் கெடுத்துக்கறீங்க” என்றார். நான் வாங்கி அரிசி டப்பாவின் மேல் வைத்துக்கொண்டேன். படித்து முடிக்க நாலு மத்தியானம் ஆனது. புரியாத சொல்லைக் கீதாவிடம் கேட்டேன். அவளுக்கும் புரியாததற்கு அடிக்கோடு போட்டேன்.

அறுபத்தோராம் பக்கத்தில் கிணறுகளின் பட்டியல் இருந்தது. பதினேழாம் எண்: பாலுசாமி, ஆழம் அறுபத்தைந்து அடி, நீர் இல்லை, பயன்பாட்டில் இல்லை.

மாமா, நம் கிணறு வற்றி ஒன்பது வருஷம் ஆகிறது. தினமும் அதைத் தாண்டித்தான் மாட்டுக்குச் சோளத்தட்டு எடுக்கப் போகிறேன். ஆனாலும் உங்கள் பெயருக்கு நேராகப் பயன்பாட்டில் இல்லை என்று டைப் அடித்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கிணறு வற்றியதால்தானே நீங்கள் போர் வண்டியோடு போனீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஐந்து ஊர்க் கூட்டம். திட்டத்தைத் தயாரித்த இன்ஜினியர் வந்திருந்தார். சென்னகேசவன் என்று பெயர், பீளமேட்டில் குடியிருக்கிறார். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் நாலு பேனா. சுவரில் பெரிய மேப்பை மாட்டி விளக்கிச் சொன்னார். தடுப்பணை ஏழு கட்டுவார்கள். அதற்கு ஊர்கள் மூன்று காரியத்துக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். மலைச்சரிவுப் புறம்போக்கில் மூன்று வருஷத்துக்கு ஆடு மாடு ஏறக் கூடாது. பள்ளத்துக்குள் குப்பையோ பட்டறைக் கழிவோ கொட்டக் கூடாது. பள்ளத்தின் இரண்டு பக்கமும் மூன்று வருஷத்துக்குப் புதிதாக போர் போடக் கூடாது.

கடைசி வரிசையிலிருந்து மாசாணம் எழுந்தார். நம் வடக்கு வளவில் பட்டி போட்டிருக்கிற அதே மாசாணம்தான், இப்போது அவரிடம் நூற்றுப் பதினாலு ஆடு இருக்கிறது. “ஏனுங்க சார், பிளான் நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா என்ற ஆட்டுக்குப் படிக்கத் தெரியாதுங்களே” என்றார். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் என் சிரிப்பும் நின்றுவிட்டது.

இப்போது நம் வீட்டு விஷயம். மே மாதம் வண்டி சர்வீசுக்கு ஊர்ப்பக்கம் வருகிறது, முதலாளி சரி என்றுவிட்டார், நம் காட்டில் எழுநூறு அடிக்கு ஒரு போர் இறக்கிவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். நாச்சிமுத்து உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்து இடமும் குறித்துவிட்டார். பள்ளத்திலிருந்து நாற்பது அடி.

மாமா, தீர்மானத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. உங்களைக் கேட்காமல் போட்டுவிட்டேன். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் உங்களைக் கேட்காமல் நான் செய்த முதல் காரியம் இது. இப்படி எழுதிவிட்டு யோசித்துப் பார்த்தேன், இரண்டாவது. கேட்காமல் வாங்கிய அந்த மிக்ஸியைச் சேர்க்க மறந்துவிட்டேன்.

நாச்சிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. “ஊருக்கு ரூல் போடறதுக்காங்க உங்களத் தலைவராக்குனோம்” என்று கேட்டார். இரண்டு நாளாக நம் வீட்டில் சாப்பிடவில்லை. நேற்று வந்து மோர் மட்டும் குடித்தார்.

வண்டியை அனுப்ப வேண்டாம். என் மேல் கோபம் இருந்தால் கோபமாகவே எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
சென்னியம்மாள்.


செங்காட்டுப்புதூர்,
9.6.1997

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் சென்னியம்மாள் நிறைந்த மனதோடு எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். செவலை கிடாரி போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. கீதா பத்தாம் வகுப்பில் நானூற்றுப் பதினெட்டு வாங்கித் தேறிவிட்டாள்.

நீங்கள் மூன்று மாதம் எழுதவில்லை. நானும் வீம்புக்கு எழுதவில்லை. ஆகவே நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்கிறேன், நிதானமாகப் படியுங்கள்.

கூட்டம் முடிந்த வாரமே மாசாணத்தின் பட்டிக்குப் போனேன். நானாக, நாளைக்கு ஆடு ஓட்டும்போது நானும் வாரேனுங்க என்றேன். சரியென்று தலையை ஆட்டினார், நான் வருவேன் என்று அவர் நம்பவில்லை. காலை ஏழு மணிக்குப் போய் நின்றேன். இரண்டு நாள் அவரோடு சரிவு முழுக்க ஏறி இறங்கினேன். முள் கிழித்ததில் பச்சைச் சேலை போயிற்று. மேப்பில் ஒரே துண்டாகப் பச்சை அடித்திருக்கிற அந்தச் சரிவு நடந்து பார்த்தால் மூன்று முதுகாகப் பிரிந்திருக்கிறது. நடுவில் இரண்டு ஓடை. ஆடுகள் ஒரு முதுகில் மேய்ந்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகின்றன. மூன்றையும் ஒரேயடியாக மூடினால் மாசாணம் பட்டியை விற்க வேண்டியதுதான். வருஷத்துக்கு ஒன்றாக மூடினால் அவரும் பிழைப்பார், புல்லும் பிழைக்கும்.

சென்னகேசவனிடம் சொன்னேன். யோசனை சரிதான், ஆனால் விதி முழுச் சரிவு என்கிறது, மேலே எழுதித்தான் கேட்க வேண்டும் என்றார். எழுதிக் கேட்டால் மூன்று வருஷமும் கடிதத்திலேயே போய்விடும் என்று, மாசாணத்தையும் கூட்டிக்கொண்டு நானே கோயமுத்தூர் ஆபீசுக்கு பஸ் ஏறிவிட்டேன். அவர் மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு, பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தார்.

அங்கே பெரிய அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, பாதியை மூடிப் பாதியைத் திறந்து விட்டால் எல்லை எதுவென்று ஆட்டுக்கு எப்படித் தெரியும் என்றார். மாசாணம் கையைக் கட்டிக்கொண்டு, “ஆட்டுக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியும்ங்க. நாம்போற எடத்துக்குத்தானுங்க அது வரும்” என்றார். அதிகாரி பேனாவை மூடி வைத்தார். பிறகு சென்னகேசவனைக் கூப்பிட்டு, இவரையே காவலாகப் போட்டு எழுதிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். திரும்பும்போது மாசாணம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தார். ஜன்னலோரம்.

அடுத்தது பவுண்டரி. ரோட்டோரம் வேங்கடசாமி நாயுடுவின் பவுண்டரியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வார்ப்பு எடுத்த பிறகு மிஞ்சுகிற கரி மண்ணை வருஷக்கணக்காகப் பின்பக்கம் பள்ளத்தில்தான் கொட்டுகிறார்கள். பள்ளம் அந்த இடத்தில் ஒரு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அவரை வீட்டில் போய்ப் பார்த்தேன். மரியாதையாக உட்கார வைத்தார். “தண்ணியே வராத பள்ளமுங்க அது. அதுல மண்ணு கெடந்தா ஆருக்குங்க நட்டம்” என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

அந்த நேரம் வாசலில் தண்ணீர் லாரி வந்து நின்றது. அவர் வீட்டு போர் உப்பாகி இரண்டு வருஷமாம், குடிக்கவும் குளிக்கவும் லாரித் தண்ணீர்தான். அவர் சம்சாரம் பங்காரம்மா எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, அவரிடம் தெலுங்கில் மெதுவாக ஏதோ சொன்னார். எனக்கு ‘நீளு’ என்ற ஒரு சொல்தான் புரிந்தது. தண்ணீர் என்று அர்த்தம். வேங்கடசாமி சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பத்து நாள் கழித்து அவருடைய லாரிகளே பள்ளத்தில் இறங்கிக் கரி மண்ணை அள்ளின. பட்டறைக்குப் பின்னால் சுவர் கட்டி அதற்குள் கொட்டிக்கொள்கிறார்கள். பங்காரம்மா அன்றைக்கு என்ன சொன்னார் என்று இன்னும் எனக்குத் தெரியாது. கேட்க வேண்டும்.

இப்போது வண்டி வந்த கதை.

மே மாதம் இருபத்திரண்டாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். போர் வண்டி வருகிறது, பின்னால் கம்ப்ரசர் வண்டியும் வருகிறது என்று கீதா மூச்சு வாங்க ஓடி வந்தாள். இட்டேரிப் பாதைக்கு ஓடினேன். இரண்டு பக்கமும் வேலி, நடுவில் வண்டி. அதற்கு எதிரே மாசாணம் தன் நூற்றுப் பதினாலு ஆட்டையும் வழி நெடுக நிறுத்திவிட்டு, வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். டிரைவர் ஹாரன் அடிக்கிறார், ஆடுகள் வேலிக் கொழுந்தைக் கடித்துக்கொண்டு சாவகாசமாக நிற்கின்றன. அதற்குள் பாதி ஊர் கூடிவிட்டது. நாச்சிமுத்து ஆட்டைத் தள்ளு தள்ளு என்று கத்திக்கொண்டிருந்தார்.

மாசாணம் என்னைப் பார்த்ததும், “தலைவரம்மா, என்ற ஆட்டுக்கு ஒரு ரூலு, உங்க ஊட்டுக்கு ஒரு ரூலுங்களா” என்று கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுதினால் நன்றாக இருக்காது. கையெழுத்துப் போட்டு, கெஞ்சி எழுதிய பிறகும் ஒரு பதில் போடாமல் வண்டியையே அனுப்பிவிட்டீர்களே என்றுதான் நினைத்தேன். ஆனாலும் வாயைத் திறந்தபோது, “ஒரே ரூலுதானுங்க மாசாணம். ஆட்ட அங்கியே நிறுத்துங்க” என்றுதான் வந்தது. நானும் போய் ஆடுகளுக்கு நடுவில் நின்றுகொண்டேன்.

டிரைவர் ராமுலு கீழே இறங்கினார். எனக்கு வணக்கம் வைத்துவிட்டு, அண்ணன் கொடுத்த லெட்டர் என்று ஒரு கவரை நாச்சிமுத்துவிடம் நீட்டினார். நாச்சிமுத்து எல்லோருக்கும் கேட்கட்டும் என்று கவரைக் கிழித்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். நீங்கள் எழுதியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நாலே வரி. தம்பி, நம் காட்டில் புதுப் போர் வேண்டாம். ஊர்ப் பொதுப் போர் இரண்டும் தூர்ந்து கிடக்கின்றன, ராமுலு கம்ப்ரசர் வைத்து ஊதிச் சுத்தம் செய்து கொடுப்பார். மழைத் தண்ணீரை அதற்குள் இறக்குவதற்கு இங்கே ஒரு வழி பார்த்தேன், படம் வரைந்து அனுப்பியிருக்கிறேன். வண்டியை உன் அண்ணி சொல்கிற இடத்தில் நிறுத்து.

மூன்றாவது வரியில் நாச்சிமுத்துவின் குரல் இறங்கியது. நாலாவதை அவர் வாய்க்குள்தான் படித்தார். கூட்டத்தில் நாலு பேர், என்ன என்ன, காதில் விழவில்லை என்றார்கள். மறுபடியும் படிக்க வேண்டியதாயிற்று. ஊரே சிரித்தது. இந்தத் தடவை மாசாணமும் சிரித்தார். ஆடுகளை ஒரு சீட்டியில் ஒதுக்கிவிட்டு, “ஏனுங்க தலைவரம்மா, வண்டிய எங்கீங்க நிறுத்தோணும்” என்று அவரே கேட்டார்.

எனக்கு ஒரே ஒரு குறை. அந்த நாலு வரியை எனக்கு எழுதியிருந்தால் மூன்று மாதம் நான் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். உங்களுக்குக் கடிதம் எழுதக் கை வராது என்று தெரியும். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

இரண்டு நாள் கம்ப்ரசர் ஓடியது. ஒரு போரில் கருஞ்சேறு பனைமர உயரத்துக்குப் பீறிக்கொண்டு வந்து, பிறகு கொஞ்சம் நல்ல தண்ணீரும் வந்தது. மற்றதில் ஈரக் காற்றுதான். பரவாயில்லை. உங்கள் படத்தின்படி சுற்றிலும் குழி எடுத்துக் கல்லும் ஜல்லியும் மணலும் நிரப்பியாயிற்று. படத்தைப் பார்த்துவிட்டு சென்னகேசவன், இது யார் வரைந்தது என்று இரண்டு தடவை கேட்டார். என் வீட்டுக்காரர் என்று சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் நின்றிருப்பேன்.

அடுத்த திங்கட்கிழமை நான் ஊராட்சி ஆபீசுக்குப் போனேன். நாச்சிமுத்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். “உக்காருங்க அண்ணி” என்றார். அதற்கு மேல் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இப்போது தடுப்பணை வேலைக்கு அவர்தான் மேற்பார்வை. வெயிலில் நின்று கறுத்துப் போய்விட்டார், ஆனால் முகம் தெளிவாக இருக்கிறது. நாற்காலியை விட அவருக்கு அதுதான் பொருத்தம்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இருமலுக்கு ராமுலுவிடம் ஆடாதொடை லேகியம் கொடுத்துவிட்டிருக்கிறேன். கசக்கும், தின்றே ஆக வேண்டும்.

உங்கள் அன்புள்ள,
சென்னியம்மாள்.


செங்காட்டுப்புதூர்,
4.11.1997

அன்புள்ள மாமாவுக்கு,

சென்னியம்மாள் எழுதுவது. மாமா, பள்ளம் ஓடிவிட்டது.

மற்ற விசாரிப்பெல்லாம் பிறகு எழுதுகிறேன். ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் மூன்று நாள் மூட்டமாகவே இருந்தது. நாலாம் நாள் விடியற்காலையில் மலைப்பக்கம் மழை பிடித்துக்கொண்டது. ஒன்பது மணி வாக்கில், மேலே முதல் தடுப்பணை நிரம்பி வழிகிறது என்று மாசாணம் ஆள் அனுப்பினார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் இரண்டாவதும் நிரம்பிவிட்டது. செந்நிறத் தண்ணீர், சருகும் குச்சியுமாக உருட்டிக்கொண்டு வருகிறது. அதோடு கூடவே கரையில் ஊரே நடந்து போனது. நடக்க முடியாதவர்கள் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வந்தார்கள். தண்ணீர் ஒரு குழியில் நின்று நிரம்பும்போது நாங்களும் நிற்போம், அது கிளம்பியதும் நாங்களும் கிளம்புவோம். கல்யாண ஊர்வலம் மாதிரி இருந்தது.

மூன்றாவது அணையில் ஒரு கலவரம். வலப்பக்கம் அணைச் சுவரும் மண் கரையும் சேருகிற இடத்தில் கசிய ஆரம்பித்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை நுழைகிற அளவுக்கு ஓட்டையாகிவிட்டது. அது போனால் கரை போகும், கரை போனால் கீழே நாலு வீடு. சென்னகேசவன் மணல் மூட்டை மூட்டை என்று கத்துகிறார். நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் குதித்துவிட்டார். ஓட்டையில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்துகொண்டு, “சீக்கிரங் கொண்டாங்கப்பா, குளுருது” என்கிறார். அரை மணி நேரத்தில் இருநூறு மூட்டை போட்டிருப்போம். கரை நின்றது. அவரை வெளியே தூக்கியபோது உதடு நீலமாக இருந்தது. அப்போதும் அவர் கேட்ட முதல் வார்த்தை, “கசியறது நின்னுதுங்களா அண்ணி” என்பதுதான். இரண்டு நாள் காய்ச்சல், இப்போது நன்றாக இருக்கிறார். நீங்கள் அவருக்கு ஒரு வரி எழுத வேண்டும். என்னிடம் சொல்லச் சொன்னால் போதாது, அவர் பெயருக்கே எழுதுங்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் தண்ணீர் ரோட்டுப் பாலத்தைத் தாண்டியது. பவுண்டரியில் வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் பின்பக்கச் சுவரில் ஏறி நின்று பார்த்தார்கள். பங்காரம்மா மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்து தண்ணீரில் போட்டார். அன்றைக்கு என்னங்க சொன்னீங்க என்று கேட்டுவிட்டேன். தன் மகள் அமெரிக்காவிலிருந்து பிள்ளைப்பேற்றுக்கு வரப்போகிறாளாம். பச்சைக் குழந்தையையும் லாரித் தண்ணீரில்தான் குளிப்பாட்டப் போகிறோமா என்று கேட்டாராம். அவ்வளவுதான். நான் எண்பத்திரண்டு பக்கத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருந்தேன், அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

எல்லாமே நன்றாக நடந்தது என்று எழுத முடியாது. சரிவில் நட்ட மூவாயிரம் கன்றில் ஆயிரத்துக்கு மேல் ஆனி ஆடிக் காற்றில் காய்ந்துவிட்டது. வேம்பும் புங்கனும் நிற்கின்றன. மற்றதெல்லாம் குச்சி. கடைசி ஊரில் ஒருத்தர் யாருக்கும் சொல்லாமல் போர் போட்டுவிட்டார், அந்தப் பஞ்சாயத்து இன்னும் தீரவில்லை. நம் ஊரிலேயே இரண்டு வீட்டார் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், ஆகவே சமாளிக்கிறேன்.

சரிவில் இந்த வருஷம் மூடிய முதுகில் புல் முழங்கால் உயரம் வந்திருக்கிறது. அறுத்துக் கொண்டுபோக வாரம் ஒருநாள் விடுகிறோம். மாசாணம் யாரையும் ஒரு கட்டுக்கு மேல் எடுக்க விடுவதில்லை. தன் ஆட்டுக்கும் அதே ஒரு கட்டுதான். நீங்கள் விசாரித்ததாகச் சொன்னேன். “அண்ணன் அனுப்புன வண்டிய நாந்தானுங்க மொதல்ல நிறுத்துனேன்” என்று இன்னமும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்.

நம் கிணற்றில் தண்ணீர் வந்திருக்கிறது. முதல் இரண்டு நாள் ஒன்றுமே தெரியவில்லை. மூன்றாம் நாள் அடியில் பாறை நனைந்து மினுங்கியது. அதற்குப் பிறகு ஊறிக்கொண்டே இருக்கிறது. நேற்று அடியிலிருந்து பதினோரு படி முங்கிவிட்டது. கீதா குதித்து நீந்தப் போகிறேன் என்கிறாள். ஆறு வயதிலிருந்து காய்ந்த கிணற்றையே பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு நீச்சல் எங்கே தெரியும், முதலில் கயிறு கட்டிப் பழகட்டும் என்று சொல்லியிருக்கிறேன். கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். நாச்சிமுத்து தயார் என்கிறார். அவள்தான், அப்பா வரட்டும் என்கிறாள்.

தீபாவளி நோம்பிக்கு ஒரம்பரை, சொந்தபந்தம் என்று நிறையப் பேர் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் பலகாரத்தை விட்டுவிட்டுக் கிணற்றைத்தான் எட்டிப் பார்த்தார்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்டிருந்த விஷயம். ஒரிஸ்ஸாவில் புதிதாக மூன்று வண்டி போடுகிறார்கள், மூன்று வருஷத்துக்கு அங்கே மேற்பார்வைக்குப் போகும்படி முதலாளி கேட்கிறார், நீ என்ன சொல்கிறாய் என்று எழுதியிருந்தீர்கள். என்னைக் கேட்டு எழுதியது எனக்குச் சந்தோஷம். அது உங்கள் வேலை, உங்களுக்குத்தான் அதன் நெளிவு சுளிவு தெரியும். போங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்ல மாட்டேன். இங்கே இருக்கிற நிலவரத்தை மட்டும் எழுதுகிறேன்.

பக்கத்துப் பள்ளங்களுக்கும் இதே மாதிரி திட்டம் போடுகிறார்களாம். மதுக்கரைப் பக்கத்து ஊர்களில் வந்து பேச வேண்டும் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் நான் வெளியே போக வேண்டியிருக்கும். ஐந்து ஊரிலும் சேர்த்துத் தூர்ந்துபோன போர் முப்பத்தேழு இருக்கிறது. நம் ஊரில் செய்தது மாதிரி எல்லாவற்றுக்கும் மழைத் தண்ணீர் இறங்க வழி செய்ய வேண்டும் என்று தீர்மானம் ஆகியிருக்கிறது. பூமிக்குள் எந்த ஆழத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஆள் ஒருத்தர் கிடைப்பாரா என்று சென்னகேசவன் கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்கு ஒருத்தரைத் தெரியும், ஆனால் மாதத்துக்கு ஒரு விலாசத்தில் இருக்கிறார் என்று சொன்னேன்.

கிணற்றுத் தண்ணீரை நம்பி ஒன்றரை ஏக்கரில் சோளமும் அரை ஏக்கரில் தக்காளியும் போடலாம் என்று நாச்சிமுத்து சொல்கிறார். ஒற்றை ஆளாகப் பார்க்க முடியாது என்றும் அவரே சொல்கிறார். கீதாவுக்கு மார்கழியில் பதினாறு முடிகிறது. ஒரு பாவாடைக்குக் கரை பிரித்து விட்டேன், இரண்டே மாதத்தில் அதுவும் ஏறிவிட்டது. நீங்கள் கடைசியாகப் பார்த்த உயரத்தில் அவள் இப்போது இல்லை.

இதுதான் நிலவரம். டில்லியிலிருந்து கோயமுத்தூர் வழியாகப் போகிற ரயில் நாக்பூரில் நிற்கும் என்று ராமுலு சொன்னார். அதையும் தகவலுக்காகத்தான் எழுதுகிறேன்.

பாலமலை ரங்கநாதர் உங்களுக்குத் துணை இருக்கட்டும். எந்த ஊரில் இருந்தாலும் வேளைக்குச் சாப்பிடுங்கள். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள். நடு முதுகில் உங்களுக்குக் கை எட்டாது. அங்கே தேய்த்துவிட யாரும் இருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் மனைவி,
பா. சென்னியம்மாள்.